சிபாப் மாஸ்க்கின் வார் உறுத்துகிறதா? பழைய பனியன் துணியில் மெத்தென்ற உறை தைக்கும் முறை

குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதுமாக இருப்பவர்களுக்கு மருத்துவர் சிபாப் (CPAP) மெஷின் எழுதிக் கொடுக்கிறார். முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் கருவி இது. மெஷின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் பத்தாம் நாளே அது பீரோ மேல் ஏறிவிடுகிறது. காரணம் கேட்டால் பலரும் சொல்வது காற்றழுத்தத்தை அல்ல, மாஸ்க்கைத் தலையோடு பிடித்துக் கட்டும் வாரைத்தான். கன்னத்தில் கோடு விழுகிறது, காதுக்கு மேல் அறுக்கிறது, பிடரியில் வேர்த்து அரிக்கிறது. மதுரை வெயிலுக்கு, அதிலும் அக்னி நட்சத்திர நாட்களில், இந்த மூன்றும் சேர்ந்தே வரும்.

இதற்கு வாரைச் சுற்றி மெத்தென்ற உறை போடலாம். ஒரு பழைய பனியன், ஒரு பழைய துண்டு, அரை மீட்டர் வெல்க்ரோ இருந்தால் போதும். ஆனால் உறை போடுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர்களில் சிலருக்கு உறையே தேவைப்படாது.

முதலில் வாரைத் தளர்த்துங்கள்

1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இந்தச் சிகிச்சையை அறிவித்த காலத்தில், மாஸ்க்கை இரவுதோறும் சிலிக்கான் பசையால் மூக்கில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். அந்தத் தொல்லையோடு பார்த்தால் இன்றைய வார் எவ்வளவோ தேவலை. ஆனால் பசையின் வேலையை வாரிடம் எதிர்பார்ப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. இப்போதைய மாஸ்க்கில் காற்றை அடைப்பது மெல்லிய சிலிக்கான் குஷன். மெஷின் அனுப்பும் காற்று அந்தக் குஷனுக்குள் புகுந்து அதை உப்பவைத்து முகத்தோடு ஒட்டவைக்கிறது. மாஸ்க் நகராமல் பிடித்துக்கொண்டால் போதும், வாருக்கு வேறு வேலை இல்லை. காற்று கசிகிறது என்று வாரை இறுக்கினால் குஷன் நசுங்கி மடிப்பு விழும், கசிவு கூடும், இன்னும் இறுக்கத் தோன்றும். காலையில் கன்னத்தில் விழும் கோடு பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

சரிபார்க்கும் முறை இது. படுக்கையில் தூங்கும் நிலையிலேயே படுத்துக்கொண்டு மெஷினை ஓடவிடுங்கள். உட்கார்ந்தபடி பொருத்தினால் படுத்ததும் கன்னச் சதை சரிந்து அளவு மாறிவிடும். பெரும்பாலான மெஷின்களில் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் வசதி இருக்கும். அது முழு அழுத்தத்துக்கு வந்த பிறகு பாருங்கள். எல்லா வார்களையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அகலம் முன்னால் இழுத்து விடுங்கள். குஷன் காற்றால் உப்பி தானே உட்காரும். பிறகு கீழ் வார் இரண்டையும் ஒரே அளவாக, கசிவு நிற்கும் வரை மட்டும் இழுத்து ஒட்டுங்கள். அடுத்து மேல் வார். முடிந்ததும் வாருக்கும் கன்னத்துக்கும் இடையே இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். ஒரு விரல்கூட நுழையாமல்தான் கசிவு நிற்கிறது என்றால் குஷனின் அளவு தவறு, அல்லது குஷன் தேய்ந்துவிட்டது. அதற்கு உறை மருந்தாகாது. மாஸ்க் கொடுத்த இடத்தில் வேறு அளவு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்பக்கத்தையும் கவனியுங்கள். தலையின் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டுக்குக் கீழே கீழ் வார் உட்கார வேண்டும். மேட்டின் மேல் இருந்தால் இரவில் வழுக்கி மேலேறும், காது மடலை அறுக்கும். கொண்டை போட்டுப் படுப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். பின்னலை ஒரு பக்கமாக முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் படுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். நார் வாருக்கு அடியில் அகப்பட்டால் விடிய விடிய உறுத்தும்.

மூக்குத்தி இருந்தால், குஷன் விளிம்பு அதன் மேல் ஏறுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஏறினால் எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடத்தில் கசியும். தோடும் ஜிமிக்கியும் இரவுக்குக் கழன்றிருக்கட்டும்.

எங்கே உறை போடலாம், எங்கே கூடாது

கன்னத்தின் இரு பக்கம், காதுக்கு மேலே, பிடரி: இந்த இடங்களில் வார் தோலைத் தொடுகிறது, இங்கெல்லாம் உறை போடலாம்.

முகத்தைத் தொடும் சிலிக்கான் குஷனுக்கு அடியில் பனியன் துணியோ பஞ்சோ மடித்து வைக்கக் கூடாது. காற்று அந்த வழியாகக் கசியும், கண்ணுக்குள் அடிக்கும். குஷனுக்கு என்றே மெல்லிய துணி வளையங்கள் தனியாக விற்கின்றன. அது வேறு சங்கதி, அதை இந்த உறையோடு குழப்ப வேண்டாம்.

மாஸ்க்கின் முன்னால் அல்லது குழாய் வந்து சேரும், முழங்கைபோல் வளைந்த பகுதியில் பொடிப்பொடியான துளைகள் இருக்கும். நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி அதுதான். எந்தத் துணியும் அதை மூடக் கூடாது. மூடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். இதில் விளையாட்டு வேண்டாம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் அந்த முழங்கைப் பகுதியில் ஒரு அவசர வால்வும் இருக்கும். மின்சாரம் போய் மெஷின் நின்றால் வெளிக்காற்றை உள்ளே விடுவது அது. அதன் பக்கமும் நூல், துணி எதுவும் போகக் கூடாது.

மூக்குத்தண்டு வலிப்பவர்கள் அங்கே பஞ்சு வைக்கப் பார்ப்பார்கள். அது வாரின் குற்றமில்லை, மேல் வார் இறுகியிருப்பதன் அடையாளம். நெற்றித் தாங்கி உள்ள மாஸ்க் என்றால் அதைத் திருகி ஒரு படி முன்னால் தள்ளினால் மூக்குத்தண்டின் மேல் பாரம் குறையும்.

எந்தத் துணி

குளிர் நாடுகளில் இதற்குப் பஞ்சுபோன்ற பாலியஸ்டர் கம்பளித் துணியைப் பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் வாங்கும் உறைகளிலும் அதுவே நிறைய. தொட்டால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது வேர்வையை உறிஞ்சாது. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் சித்திரை மாதத்து இரவில் அதைக் கன்னத்தில் கட்டிக்கொண்டால் விடிவதற்குள் வேர்க்குரு வந்துவிடும். குளிரூட்டிய அறை உள்ளவர்கள் மட்டும் அதை யோசிக்கலாம்.

ஸ்பாஞ்ச் அதைவிட மோசம். வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே காயாது, நாற்றம் பிடிக்கும், சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். காற்று இழுக்கும் மூக்குக்குப் பக்கத்தில் உதிரும் பொருள் வேண்டாம். 2021-ல் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே, மெஷினுக்குள் சத்தம் குறைக்க வைத்திருந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் சிதைந்ததுதான்.

பழைய சுங்குடிச் சேலையும் பழைய வேட்டியும் மிருதுவானவை என்பதில் சந்தேகமில்லை. குறை என்னவென்றால் அவை நெய்த துணி, இழுபடாது. வளைந்த கன்னத்தில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கமே புதுக் கோடு போடும். சாயம் போகும் துணி என்றால் வேர்வையில் கன்னத்துக்கும் ஏறும்.

ஆக, பனியன் துணிதான். நூறு சதவீதம் பருத்தி, வெள்ளை, நாலைந்து மாதம் துவைத்துப் பழகியது. புதுப் பனியன் என்றால் இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி வாரில் ஏறாது. மெத்தென்ற உள்பட்டைக்குப் பழைய பூத்துண்டு. புதுத் துண்டு வேண்டாம், அதன் புடைப்பு அதிகம்.

தைப்பதற்கு முன் மூன்று இரவு

குழந்தைகளின் பருத்திக் காலுறை ஒரு ஜோடி எடுங்கள். கால்விரல் பக்கத்தையும் இறுக்கமான மேல்விளிம்பையும் வெட்டிவிட்டால் ஒரு சிறிய குழாய் கிடைக்கும். வாரின் வெல்க்ரோ நுனியை மாஸ்க் கொக்கியிலிருந்து கழற்றி, குழாயை வாரில் கோத்து, திரும்ப மாட்டுங்கள். கழற்றும் முன்பே, வார் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று இரவு இப்படிப் படுத்துப் பாருங்கள். உறுத்தல் எங்கே குறைகிறது, எங்கே குறையவில்லை என்று தெரிந்துவிடும். மூன்று இடத்துக்கும் தைக்க நினைத்தவர்களுக்குக் கன்னத்துக்கு மட்டும் போதும் என்று புரிவதும் உண்டு. ஊக்கு குத்தி மட்டும் சோதிக்காதீர்கள். தூக்கத்தில் திறந்துகொள்ளும்.

அளவும் வெட்டும்

வாரின் அகலத்தையும் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். கீழே உள்ள கணக்கு 20 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள வாருக்கானது. உங்கள் வார் வேறு அளவில் இருந்தால் அதே கணக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

வாரின் சுற்றளவு 46 மி.மீ. துணியின் தடிமனுக்காக 6. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டுவதற்கு 20. மொத்தம் 72 மி.மீ. என்பது தைத்து முடிந்த உறையின் அகலம். இரண்டு பக்கமும் தையலுக்கு 6 மி.மீ. சேர்த்தால் வெட்ட வேண்டிய அகலம் 84. நீளம் கன்னத்துக்கு 12 செ.மீ., பிடரிக்கு 16 செ.மீ. தையலோடு சேர்த்து 13.2, 17.2 என்று வெட்டுங்கள்.

ஒரு செட் என்பது கன்னத்துக்கு 2, பிடரிக்கு 1. ஒவ்வொன்றுக்கும் பனியன் துணி இரண்டு அடுக்கு. பெரியவர் பனியனின் முதுகுத் துண்டில் 50 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் தேறினால் இரண்டு செட்டுக்குச் சரியாக வரும். இரண்டு செட் கட்டாயம் வேண்டும். ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்று முகத்தில் இருக்கும்.

உறையின் நீளம் பனியனின் நெட்டுவாக்கில் வரட்டும். பனியன் துணி குறுக்கேதான் அதிகம் இழுபடும். அந்த இழுவை வாரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க உதவும். திருப்பி வெட்டினால் உறை நீளவாக்கில் இழுபட்டுத் தொளதொளத்துவிடும்.

துண்டுத் துணியை முழு அகலத்துக்கும் வெட்ட வேண்டாம். தோலைத் தொடும் பக்கத்துக்கு மட்டும், 24 மி.மீ. அகலத்தில், உறையைவிட அரை செ.மீ. குறைவான நீளத்தில் போதும். சுற்றிலும் வைத்தால் உறை கட்டை விரல் தடிமனுக்கு வந்துவிடும். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தலையணை அதைக் கன்னத்தில் அழுத்தும். பழைய உறுத்தலுக்குப் பதில் புது உறுத்தல்.

தையல்

பனியன் துண்டு இரண்டில் தோலைத் தொடப்போவதை வெளித்துணி என்றும், வாரைத் தொடப்போவதை உள்துணி என்றும் வைத்துக்கொள்வோம். உள்துணியின் தப்புப் பக்கத்தில், அகலத்தின் நட்டநடுவே துண்டுப் பட்டையை வைத்து ஓரமாக இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். வெளித்துணியில் இந்தத் தையல் விழவே கூடாது. ஒரு நூல் வரிகூட எட்டு மணி நேரத்தில் தோலில் பதியும்.

அடுத்தது வெல்க்ரோ. 20 மி.மீ. அகலத்தில், தைக்கும் வகையாக வாங்குங்கள். பசை தடவி வருவது இந்த வேர்வைக்கு ஒரு வாரம் நிற்காது, தைக்கும்போது ஊசியிலும் பசை அப்பும். உறையின் முழு நீளத்துக்கும் வெல்க்ரோ வைத்தால் விறைத்துப்போய்க் கன்னத்தோடு வளையாது. 2.5 செ.மீ. துண்டாக வெட்டி, கன்ன உறைக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, பிடரி உறைக்கு நடுவிலும் ஒன்று சேர்த்து மூன்று வையுங்கள். பஞ்சுப் பக்கம் வெளித்துணியின் ஒரு நீள ஓரத்தில். முள் பக்கம் உள்துணியின் எதிர் ஓரத்தில். இரண்டும் துணியின் நல்ல பக்கத்தில், வெட்டு விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே. இரண்டு துணியையும் சேர்ப்பதற்கு முன்பே, ஒற்றை அடுக்கிலேயே தைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். முள் துண்டை நாலு பக்கமும் 3 மி.மீ. சிறிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் சற்றுக் கோணலாக ஒட்டினாலும் முள் வெளியே நீட்டாது. நீட்டினால் கன்னத்தையும் தலையணை உறையையும் சேர்த்துப் பிராண்டும்.

இப்போது இரண்டு துணியையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, 6 மி.மீ. உள்ளே தள்ளி, நுணுக்கமான ஜிக்ஜாக்கில் சுற்றித் தையுங்கள். பனியன் துணிக்கு உருண்டை முனையுள்ள 11 நம்பர் ஊசி. சாதாரணக் கூர் ஊசி பனியன் கண்ணியை அறுக்கும், தையலும் விட்டுவிட்டு விழும். ஒரு நீள ஓரத்தில் 4 செ.மீ. திறந்து விடுங்கள். மூலைகளையும், குட்டை ஓரங்களின் உபரித் துணியையும் 3 மி.மீ. அளவுக்கு நறுக்கிவிடுங்கள். குட்டை ஓரங்கள்தான் தோலில் படும், அங்கே புடைப்பு இருக்கக் கூடாது. பிறகு உள்ளதை வெளியே திருப்பி, திறப்பைக் கையூசியால் மூடுங்கள்.

வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் தையல்காரரிடம் கொடுக்கலாம். மதுரையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளித் தெருக்களிலும், புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளிலும் இது அரைமணி நேர வேலை. ஆனால் வாயால் மட்டும் சொன்னால், தலையணை உறை தைப்பதுபோல மடித்து மேல்தையல் போட்டுத் தந்துவிடுவார்கள். வாரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், “அண்ணே, இந்தப் பக்கம் முகத்துல படும், இதுல மட்டும் தையல் தெரியக் கூடாது” என்று காட்டிக் கொடுத்தால் சரியாக வரும். ஓவர்லாக் போட வேண்டாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், அந்த விளிம்பு தடித்துப்போகும்.

மாட்டிய பிறகு

மெத்தென்ற பக்கம் தோலில், வெல்க்ரோ வெளியே. உறையின் தடிமன் வாரின் நீளத்தைக் கொஞ்சம் தின்னும். பேனாப் புள்ளியிலிருந்து பக்கத்துக்கு 5 மி.மீ. தளர்த்தி ஆரம்பித்து, முன்பு சொன்னபடி படுத்துக்கொண்டு திரும்பப் பொருத்துங்கள். பழைய புள்ளியிலேயே ஒட்டினால் வார் முன்பைவிட இறுகும், “உறை போட்டும் வலிக்குது” என்று தூக்கிப் போடத் தோன்றும்.

மறுநாள் காலை மெஷினில் கசிவு அளவைப் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அதிகக் கசிவு என்று கணக்கு. வேறு மெஷின்களில் முகக்குறியாகவோ கசிவு எச்சரிக்கையாகவோ காட்டலாம். உறைக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு, ஏறியிருந்தால் உறையை மாஸ்க் கொக்கியிலிருந்து 2 செ.மீ. பின்னால் நகர்த்துங்கள். கொக்கிக்கு மிக அருகில் இருக்கும் உறை மாஸ்க் சட்டத்தைக் கன்னத்திலிருந்து நெம்பி விடும்.

உறை இரவில் வாரோடு வழுக்குகிறதா? பல வார்களின் வெளிப்பக்கம் வெல்க்ரோவின் பஞ்சுப் பக்கம்போலவே நெய்யப்பட்டிருக்கும். உள்துணியில், வாரின் வெளிப்பக்கம் படும் இடத்தில், நகம் அளவு முள் துண்டு ஒன்றைத் தைத்தால் பிடித்துக்கொள்ளும்.

காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் என்றால் ஒரு எச்சரிக்கை. மாஸ்க் போடுபவருக்கோ, பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால், அந்தக் காந்தம் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

தோலைப் பார்ப்பது

காலையில் விழும் கோடு குளித்து முடிப்பதற்குள் மறைந்தால் கவலையில்லை. மறையவில்லை என்றால் அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். நிறம் வெளிறித் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிறாவிட்டால் அங்கே அழுத்தப் புண் ஆரம்பிக்கிறது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, கறுத்து இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த நிலையிலேயே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், தோல் கிழியும் வரை காத்திருக்கக் கூடாது.

வார் பட்ட இடம் முழுக்க, அதன் வடிவத்திலேயே அரிப்பும் தடிப்பும் வந்தால் அது அழுத்தம் இல்லை, ஒவ்வாமையாக இருக்கலாம். வாரின் பொருளோ, துவைத்த சோப்போ காரணமாகலாம்.

வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்டாதீர்கள். பவுடர் மூச்சோடு உள்ளே போகும். படுக்கும் முன் முகத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு படுத்தால் வாரின் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்யும், முகத்தில் வழிந்த எண்ணெயில் சிலிக்கான் குஷன் வழுக்கும். எண்ணெயைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

துவைப்பதும் ஆயுளும்

வெயில் காலத்தில் உறையைத் தினமும், மற்ற மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, வாசனையில்லாத சோப்பில் கையால் கசக்கி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வேண்டும், உப்புப் படிந்தால் துணி விறைக்கும். கஞ்சி, வாசனைத் திரவம், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலும் வைக்காதீர்கள். இரவு முழுக்க அந்த வாடையையே சுவாசிக்க வேண்டியிருக்கும். உறையை வெயிலில் காயவைக்கலாம். வாரை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் மட்டும் காயவைக்க வேண்டும், வெயில் எலாஸ்டிக்கைக் கொல்லும்.

முள் பக்கத்தில் சேரும் நூலையும் முடியையும் பழைய பல் துலக்கியால் வாரி எடுங்கள். துண்டுப் பட்டை கட்டிதட்டிப்போனால் உறையை மாற்றும் காலம் வந்துவிட்டது. வாருக்குப் பொதுவாக ஆறு மாத ஆயுள் சொல்வார்கள். முதல் நாள் வைத்த பேனாப் புள்ளியைத் தாண்டி ஒரு செ.மீ. இழுத்து ஒட்டினால்தான் மாஸ்க் நிற்கிறது என்றால், ஆறு மாதம் ஆகாவிட்டாலும் அந்த வார் தொய்ந்துவிட்டது. புது வார் வந்ததும் அகலத்தை அளந்து பாருங்கள். அதே அளவென்றால் பழைய உறையே ஏறும்.